‘ஒத்துக்கலை’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது: பைபோலாருக்கு மருந்து அமையும் விதம்

மனநல ஓ.பி.யில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘ஒத்துக்கலை’. “லித்தியம் கொடுத்தாங்க, ஒத்துக்கலை. அப்புறம் வேற டாக்டர் வேற மாத்திரை எழுதினார், அதுவும் ஒத்துக்கலை.” கூடவே மஞ்சப்பையிலிருந்து நாலைந்து வருடத்துச் சீட்டுகள் மேசைக்கு வரும். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கிப் படித்தால், ஒரே சொல் வேறு வேறு சங்கதிகளைச் சுமந்துகொண்டிருப்பது தெரியும். ஒரு மருந்தில் கை நடுங்கியிருக்கும். இன்னொன்றைப் பத்தாம் நாளே நிறுத்தியிருப்பார்கள். மூன்றாவதன் டோஸ் தூக்கத்துக்கு மட்டுமே காணும். நாலாவது, எழுச்சியை அடக்கும் மருந்து. அதை வைத்துக்கொண்டு சோர்வு ஏன் விலகவில்லை என்று வீட்டார் காத்திருந்திருப்பார்கள்.

இந்த நாலில் கை நடுக்கம் ஒன்றைத்தான் ஒத்துக்கொள்ளாமை என்று சொல்லலாம். அதற்கும் டோஸைக் குறைப்பது, காபியைக் குறைப்பது, ப்ரோப்ரனோலால் சேர்ப்பது என்று வழிகள் உண்டு. மற்ற மூன்றும் சோதித்தே பார்க்கப்படாத மருந்துகள். அளவு மீறிய எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும், பைபோலார் எனப்படும் இருமுனை மனநோயில், ‘எனக்கு எந்த மருந்தும் கேட்காது’ என்று வெறுத்துப்போனவர்களில் பலருடைய சீட்டுகள் இப்படித்தான் இருக்கின்றன. ஒரு மருந்தைத் தோற்றது என்று தள்ளிவைக்கும் முன் சில கேள்விகள் பாக்கி இருக்கின்றன. எந்த நிலைக்காகக் கொடுத்தார்கள்? எந்த டோஸ் வரை போனது? அந்த டோஸில் எத்தனை வாரம் நின்றது? ரத்தத்தில் அளவு பார்த்தார்களா? அதே சமயம் வேறு என்ன உள்ளே போய்க்கொண்டிருந்தது? கீழே வரும் டோஸ் கணக்குகள், கையிலுள்ள சீட்டைப் புரிந்துகொண்டு டாக்டரிடம் பேசுவதற்காக. வீட்டிலேயே கூட்டவும் குறைக்கவும் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

நோயின் பெயர் சரிதானா

படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பவரைத்தான் வீட்டார் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, இரண்டு ஆள் வேலையைப் பார்த்து, கடன் வாங்கிப் புதுத் தொழில் ஆரம்பித்தவரைப் பார்த்தால் ‘பையன் இப்பதான் சுறுசுறுப்பா இருக்கான்’ என்று சந்தோஷம். அதனால் பைபோலார் பல வருடங்கள் வெறும் மனச்சோர்வு என்ற பெயரிலேயே மருத்துவம் பார்க்கப்படுகிறது. சீட்டில் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் மாறி மாறி வரும்.

தூக்கம் குறைந்தும் களைப்பு இல்லாமை, பேச்சில் வேகம், யோசனைகள் ஒன்றை ஒன்று முந்துவது, அளவு மீறிய செலவு, தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்ற நினைப்பு. இவை ஒரு வாரம் நீடித்தாலோ, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போனாலோ அது மேனியா. குறைந்தது நாலு நாள் நீடித்து, வேலையும் குடும்பமும் கெடாத மட்டத்தில் நின்றால் ஹைப்போமேனியா. மேனியா ஒரு முறை வந்திருந்தாலும் முதல் வகை பைபோலார். ஹைப்போமேனியாவும் சோர்வும் மட்டும் வந்து போனால் இரண்டாம் வகை. இதை நோயாளியிடம் மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. அந்த நாட்கள் அவருக்கு நல்ல நாட்களாகவே நினைவிருக்கும். மனைவியையோ அண்ணனையோ கூட உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

முதல் வகைக்காரருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும், எழுச்சியைப் பிடித்துவைக்கும் மருந்து இல்லாமல் கொடுத்தால் மேனியாவுக்குள் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. பிடித்துவைக்கும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தாலாவது பலன் உண்டா? அமெரிக்காவில் 366 பேரைக் கொண்டு நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அப்படிச் சேர்த்துக் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 23.5 பேருக்கு நீடித்த நலம் கிடைத்தது. வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் 27.3 பேருக்கு. அந்த ஆய்வில் எழுச்சி அதிகமாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் சேர்த்ததால் லாபம் எதுவும் தெரியவில்லை. பழைய சீட்டில் இந்த வகை மாத்திரை வருடக்கணக்கில் தொடர்ந்துகொண்டிருந்தால், இன்னும் எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. வருடத்தில் நாலு முறையோ அதற்கு மேலோ நோய் மாறி மாறி வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்குத் தைராய்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ பிரெட்னிசலோன் எடுத்த நாட்களில் முதல் எழுச்சி வந்ததா என்பதும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. ஸ்டீராய்டே மேனியாவைக் கிளப்பும்.

மூன்று வேலைகள், மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை

இந்த நோயில் மருந்துக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன: ஏறியதை இறக்குவது, இறங்கியதை ஏற்றுவது, இரண்டும் திரும்ப வராமல் தடுப்பது. ஒன்றில் கெட்டிக்கார மருந்து இன்னொன்றில் சும்மா நிற்கும். பாதிக் குழப்பம் இங்கேதான்.

ஏறியதை இறக்குவதில் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற மருந்துகள் வேகமானவை. 68 ஆய்வுகளிலிருந்து 16,073 பேரின் தகவலைத் தொகுத்து 2011இல் வந்த ஒப்பீட்டிலும் இவை மூன்றும்தான் முன்னே நின்றன. லித்தியமும் இறக்கும், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் அவகாசம் கேட்கும். அதனால்தான் கடும் மேனியாவில் இரண்டையும் சேர்த்தே தொடங்குகிறார்கள். நாலு நாளில் அமைதியானவரைப் பார்த்து ‘ரெண்டாவது மாத்திரை எதுக்கு’ என்று வீட்டார் லித்தியத்தை நிறுத்திவிடுவது உண்டு. நாலு நாளில் வேலை பார்த்தது முதல் மாத்திரை. இரண்டாவது, அடுத்த வருடத்துக்கானது.

இறங்கியதை ஏற்றுவதில் குவெட்டியாபின், லுராசிடோன், கேரிப்ரசின், ஒலான்சபினும் ஃப்ளூவாக்செட்டினும் சேர்ந்த கலவை ஆகியவற்றுக்கு ஆதாரம் இருக்கிறது. ஹாலோபெரிடால் இந்த வேலைக்கு உதவாது. லாமோட்ரிஜின் சோர்வு திரும்ப வராமல் தடுப்பதில் நல்லது. ஆனால் மேனியாவை இறக்காது. அதைத் தடுப்பதிலும் அவ்வளவு வலு இல்லை.

குவெட்டியாபினின் டோஸ் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பைபோலார் சோர்வுக்கு அதன் டோஸ் 300 மி.கி. முதல் நாள் 50, இரண்டாம் நாள் 100, மூன்றாம் நாள் 200, நாலாம் நாள் 300 என்று இரவில் ஏற்றுவது வழக்கம். 600க்குப் போனாலும் கூடுதல் பலன் ஆய்வுகளில் தெரியவில்லை. மேனியாவுக்கு 400 முதல் 800 வரை தேவைப்படும். ஊரில் பரவலாக எழுதப்படுவதோ தூக்கத்துக்கான 25, 50. அந்த 50ஐ ஆறு மாதம் சாப்பிட்டுவிட்டு ‘குவெட்டியாபின் கேட்கலை’ என்று கணக்கு எழுதினால், கணக்கு தப்பு.

லுராசிடோனில் வேறு ஒரு பொறி. வெறும் வயிற்றில் போட்டால் மருந்தில் பெரும்பங்கு ரத்தத்துக்குப் போய்ச் சேராது. குறைந்தது 350 கலோரி சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். டீயும் இரண்டு பிஸ்கட்டும் போதாது. நாலு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி என்றால் சரியாக இருக்கும். ராத்திரி சாப்பிடாமல் படுக்கும் பழக்கமுள்ளவருக்கு இந்த மருந்தைக் காலைச் சாப்பாட்டோடு மாற்றினாலே பலன் தெரிய ஆரம்பிக்கும். இதைச் சீட்டில் எழுதிக் கொடுக்காத டாக்டர்கள் மேல் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

லித்தியம்: ரத்தத்தில் அளந்து கொடுக்கும் உப்பு

1949இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், பண்டூரா மருத்துவமனையில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் மேனியா நோயாளிகள் பத்துப் பேருக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். முதல் நோயாளி வருடக்கணக்காக எழுச்சியிலேயே இருந்தவர். சில மாதங்களில் தெளிந்து வீட்டுக்குப் போனார். மருந்தை விட்டதும் நோய் திரும்பியது. மறுபடி கொடுத்தபோது லித்தியம் உடம்பில் மிஞ்சி, 1950இல் இறந்துபோனார். ரத்தத்தில் அளவு பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. அமெரிக்காவில் அதே 1949இல், சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக விற்ற லித்தியம் குளோரைடால் சாவுகள் நேர்ந்தன. அங்கே இந்த மருந்துக்கு அனுமதி கிடைக்க 1970 ஆனது. நடுவில் டென்மார்க்கின் மோகன்ஸ் ஸ்கௌ உள்ளிட்டவர்களின் ஆய்வுகளும், ரத்த அளவு பார்க்கும் முறையும் வந்து சேர்ந்ததால்தான் மருந்து பிழைத்தது. லித்தியத்தின் நன்மையும் ஆபத்தும் மாத்திரை எண்ணிக்கையில் இல்லை, ரத்தத்தில் இருக்கும் அளவில் இருக்கின்றன என்பதை அந்த முதல் சாவே காட்டிவிட்டது.

தடுப்புக்கு வேண்டிய அளவு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல். கடும் மேனியாவிலும், அடிக்கடி திரும்ப வருபவர்களுக்கும் 0.8 முதல் 1.0. வயதானவர்களுக்கு இன்னும் குறைவாக வைப்பார்கள். 1.5க்கு மேல் போனால் ஆபத்து. வயதானவருக்கு அதற்குக் கீழேயே தலைகாட்டலாம். லேப் சீட்டில் மில்லி ஈக்விவலன்ட் என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், லித்தியத்துக்கு இரண்டும் ஒரே எண்தான். இந்தியாவில் சாதாரண மாத்திரை 300 மி.கி., மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். மாத்திரை 400 மி.கி. ஒரே மூன்று மாத்திரையில் ஒருவருக்கு 0.4ம் இன்னொருவருக்கு 0.9ம் வரும், சிறுநீரகம் வெளியேற்றும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. ‘எனக்கும் மூணு, பக்கத்து வீட்டுக்காரருக்கும் மூணு’ என்ற ஒப்பீட்டுக்கு அர்த்தமே கிடையாது.

ரத்தம் எடுக்கும் நேரத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. கடைசி மாத்திரை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு, அன்றைய காலை மாத்திரையைப் போடாமல், கையில் எடுத்துக்கொண்டு லேப்புக்குப் போக வேண்டும். காலை மாத்திரையை முழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். டாக்டர் டோஸைக் குறைப்பார், இரண்டு மாதத்தில் நோய் திரும்பும். இதற்கு எதிர்ப்பக்கம், ஒரு வாரம் விட்டுவிட்டு, ரத்தம் கொடுக்கப் போகிறோமே என்று இரண்டு நாள் மட்டும் போட்டுக்கொண்டு போவது. ஒரு டோஸில் ஐந்து நாளாவது ஒழுங்காக இருந்தால்தான் எண்ணுக்கு மதிப்பு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: பச்சை மூடி போட்ட சில ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையாதிருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவியிருப்பார்கள். அந்தக் குழாயில் எடுத்தால் குழாயிலிருக்கும் லித்தியமும் சேர்ந்து கணக்கில் வரும். நோயாளி நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறார், சீட்டிலோ மிரட்டுகிற எண் என்றால் முதலில் குழாயைச் சந்தேகப்படலாம். மறுபடி எடுத்துப் பார்ப்பது அன்றைக்கே நடக்க வேண்டும்.

தொடங்கும் முன் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., கால்சியம் ஆகியவற்றைப் பார்த்துவிடுவார்கள். இதயக் கோளாறுக்கு வாய்ப்புள்ளவருக்கு ஈ.சி.ஜி.யும். தொடங்கியதும், டோஸ் மாற்றியதும் ஒரு வாரத்தில் அளவு. அது நிலைப்படும் வரை வாரவாரம், பிறகு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தைராய்டு குறைந்தால் லித்தியத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தைராக்சின் சேர்த்துக்கொண்டு தொடரலாம்.

நம் வெயிலில் லித்தியம் சாப்பிடுகிறவர் தெரிந்துவைக்க வேண்டியது உப்பும் தண்ணீரும். சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் ஒரே மாதிரி. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் அது சோடியத்தைப் பிடித்துவைக்கும் வேகத்தில் லித்தியத்தையும் பிடித்துவைத்துவிடும். வாந்தி பேதி, சித்திரை வெயிலில் வேலை, நீரும் அருந்தாத விரதம், ரமலான் நோன்பு, ‘பிரஷருக்கு உப்பை நிறுத்துங்க’ என்ற அறிவுரையைத் திடீரென்று கடைப்பிடிப்பது எல்லாமே அளவை உயர்த்தும். நோன்பு வைக்க விரும்புகிறவர் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி, நேரத்தை மாற்றி, நடுவில் ஒரு முறை அளவு பார்த்துக்கொள்ள வேண்டும். தினம் மூன்று டம்ளர் காபி குடிப்பவர் ஒரே நாளில் விட்டாலும் அளவு ஏறலாம். காபி லித்தியத்தைச் சிறுநீரில் தள்ளிக்கொண்டிருந்தது, அது நின்றுபோகிறது.

மெடிக்கல்ஸில் வாங்கும் வலி மாத்திரை இதைவிட மோசம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மூன்றும் லித்தியத்தை உயர்த்தும். முதுகுவலி என்று ஒரு வாரம் போட்டுக்கொண்டு கால் தள்ளாடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். பிரஷர் மாத்திரைகளில் எனலாபிரில், ராமிபிரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தலிடோன் ஆகியவையும் உயர்த்தும். டெல்மிசார்டனும் குளோர்தலிடோனும் ஒரே மாத்திரையாக வருவது இப்போது சர்வசாதாரணம். பிரஷர் டாக்டருக்கு லித்தியம் பற்றித் தெரியாது, மனநல டாக்டருக்குப் புதுப் பிரஷர் மாத்திரை தெரியாது. இரண்டு சீட்டும் ஒரே கவரில் இருந்தால் தீரும் சிக்கல் இது.

மெல்லிய கை நடுக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர் ஆகியவை சாதாரணப் பக்கவிளைவுகள். டம்ளரைப் பிடிக்க முடியாத நடுக்கம், வாந்தி, பேதி, குழறும் பேச்சு, குடித்தவர் போன்ற நடை, மந்தம் என்றால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் அளவும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். ‘தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்று காத்திருக்கக் கூடாது.

இவ்வளவு தொந்தரவு எதற்கு என்று தோன்றலாம். எழுச்சி, சோர்வு, நடுவில் முழுத் தெளிவு என்று வட்டமாக வருகிறவருக்கும், அப்பா அம்மா அல்லது உடன்பிறந்தவருக்கு லித்தியம் நன்றாகக் கேட்டிருந்தவருக்கும் இதை மிஞ்சும் மருந்து கிடைப்பது அரிது. தற்கொலையைக் குறைக்கும் என்பதற்கு இந்த நோயில் வேறெந்த மருந்தைவிடவும் இதற்கு ஆதாரம் அதிகம். 330 பேரைக் கொண்ட 2010ஆம் வருடத்து ஆய்வில், இரண்டு வருடம் வரை கவனித்ததில், வால்புரோயேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்தை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 69 பேருக்கு மறுபடி மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு நோய் வந்தது. லித்தியத்தில் 59, இரண்டும் சேர்ந்தபோது 54. தனி லித்தியத்திலும் பாதிப்பேருக்கு மேல் திரும்பியது என்பதைக் கவனியுங்கள். ஒரு முறை திரும்பியதாலேயே மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் ஆறு முறை வந்தது ஒரு முறை, அதுவும் லேசாக, வந்தால் அது வேலை செய்கிறது என்றே பொருள். தடுப்பு வேலையைச் சரியாக எடைபோட ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்.

நிறுத்துவதானால் குறைந்தது நாலு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரேயடியாக நிறுத்தினால் மேனியா பாய்ந்து வரும்.

லாமோட்ரிஜினில் அவசரம் ஆகாது

லாமோட்ரிஜின் முதல் இரண்டு வாரம் தினம் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 50, ஐந்தாம் வாரம் 100, ஆறாம் வாரம் 200. பலன் தெரியும் டோஸைத் தொடவே ஒன்றரை மாதம். ‘ஒரு மாசம் போட்டேன், ஒண்ணும் தெரியலை’ என்பவர் இன்னும் ஏணியில்தான் நிற்கிறார். கூடவே வால்புரோயேட் இருந்தால் எல்லாம் பாதி: 25ஐ ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கி, 100இல் நிறுத்த வேண்டும். வால்புரோயேட் லாமோட்ரிஜினை உடம்பில் தேங்கவைக்கும். எழுச்சிக்குக் கொடுக்கும் கார்பமசெபின் என்ற மருந்து இருந்தால் நேர்மாறு, டோஸ் அதிகம் வேண்டும்.

மெதுவாக ஏற்றுவது தோலுக்காக. வேகமாக ஏற்றினால் தோல் உரியும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. பெரியவர்களுக்கு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் வரும் அரிய விஷயம், ஆனால் உயிரைக் கேட்கும். முதல் இரண்டு மாதத்தில் உடம்பில் தடிப்போ சிவப்போ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே காட்ட வேண்டும். கூடவே காய்ச்சல், வாயில் அல்லது கண்ணில் புண் என்றால் நேராக அவசரப் பிரிவு. அந்த இரண்டு மாதத்தில் புதுச் சோப்பு, புது ஹேர் டை என்று பரிசோதிக்காமல் இருந்தால், வந்தது எதனால் என்ற குழப்பம் வராது.

ஊருக்குப் போன இடத்தில் ஐந்தாறு நாள் விட்டுப்போய்விட்டால் பழைய 200ஐ அப்படியே போடக் கூடாது. மறுபடி 25இலிருந்து ஏணி. இதைத் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜின் அளவைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதையும் பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வால்புரோயேட்டும் கல்யாணமும்

வால்புரோயேட் மேனியாவை வேகமாக இறக்கும், ரத்த அளவு பார்க்கும் தொல்லையும் லித்தியம் அளவுக்கு இல்லை. கல்லீரல் பரிசோதனையும் ரத்தத் தட்டணுக்களும் பார்த்தால் பெரும்பாலும் போதும். எடை கூடும், முடி உதிரும். அதனால் சுலபமாகக் கை போகும் மருந்து. இளம்பெண்களுக்கும் அப்படியே எழுதப்படுவதுதான் பிரச்சினை.

கர்ப்பத்தில் இந்த மருந்து போனால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவி ஊனம். பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பாதிப்பு. ஃபோலிக் ஆசிட் சேர்ப்பதால் இந்த ஆபத்து போய்விடாது. முதுகெலும்புப் பிளவு உருவாவது கர்ப்பம் தெரியும் முன்பே, முதல் நாலு வாரத்தில். ‘தள்ளிப்போனதும் நிறுத்திக்கலாம்’ என்பதற்கு அவகாசமே இல்லை. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், 55 வயதுக்குட்பட்ட எவருக்கும், ஆணோ பெண்ணோ, இதைப் புதிதாகத் தொடங்க இரண்டு நிபுணர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. நிச்சயம் ஆனதும் பெண்ணின் மாத்திரை ரகசியமாகிறது. மாமியார் வீட்டில் அட்டை தெரிந்துவிடக் கூடாது என்று கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மொத்தமாக நிறுத்துகிறார்கள். தூக்கமில்லாத கல்யாண நாட்களும் சேர்ந்துகொள்ள, இரண்டாம் மாதமே மேனியா. அல்லது நிறுத்தாமல் வால்புரோயேட்டிலேயே கர்ப்பம். வரன் பார்க்க ஆரம்பிக்கும்போதே டாக்டரிடம் சொல்லி, குறைந்தது ஆறு மாத அவகாசத்தில் லாமோட்ரிஜினுக்கோ குவெட்டியாபினுக்கோ மாற்றிக்கொண்டால் இந்த இரண்டு ஆபத்தையும் தவிர்க்கலாம். லித்தியத்துக்கும் குழந்தையின் இதயத்தில் சிறு ஆபத்து உண்டு. ஆனால் வால்புரோயேட்டோடு ஒப்பிடும் அளவுக்கு இல்லை, டோஸைப் பொறுத்துக் கூடும் குறையும். கர்ப்பத்தில் அதன் ரத்த அளவு இறங்கும், பிரசவம் ஆனதும் சட்டென்று ஏறும். இரண்டு சமயமும் அடிக்கடி பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களே பைபோலார் உள்ள பெண்ணுக்கு மேனியா வர அதிகம் வாய்ப்புள்ள காலம்.

கார்பமசெபின் பற்றிச் சுருக்கமாக: எச்.எல்.ஏ. பி 1502 என்ற மரபணு உள்ளவர்களுக்கு இது தோல் உரியும் நோயைக் கொண்டுவரும் ஆபத்து அதிகம், அந்த மரபணு ஆசியர்களிடம் அதிகம். சிங்கப்பூரில் 2013 முதல் புதிதாகத் தொடங்கும் ஆசிய வம்சாவளியினருக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாக்கியிருக்கிறார்கள். ‘உங்கள் ஜீனுக்கு ஏற்ற மனநல மருந்து’ என்று விற்கும் மற்ற பரிசோதனைகள் பைபோலாரில் எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

எடை, பீடி, இட்லி

ஒலான்சபின், குவெட்டியாபின் தொடங்கும் நாளிலேயே எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எழுதிவைக்க வேண்டும். எடை முதல் ஆறு வாரம் வாரவாரம். சர்க்கரையும் கொழுப்பும் மூன்றாம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒரு முறை. முதல் மாதத்திலேயே மூன்று நாலு கிலோ ஏறினால் அது அங்கே நிற்காது. அப்போதே மருந்தை மாற்றுவதா, மெட்ஃபார்மின் சேர்ப்பதா என்று பேச வேண்டும். நம்மவர்களுக்கு உடல் நிறைச் சுட்டு 23ஐத் தாண்டினாலே சர்க்கரை நோயின் வாசல்.

புகையிலைப் புகை ஒலான்சபினை வேகமாகச் சிதைக்கும். வார்டில் பீடி கிடைக்காமல் இருந்தபோது 10 மி.கி. சரியாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போய்ப் பழையபடி ஊதத் தொடங்கியதும் அதே 10 போதாது. ‘ஆஸ்பத்திரியில நல்லா இருந்தான், வீட்டுக்கு வந்ததும் மாத்திரை கேட்கலை’ என்பதற்குப் பின்னால் பல சமயம் பீடிக்கட்டுதான். நிகோட்டின் சூயிங்கம்முக்கு இந்தக் குணம் கிடையாது, புகைக்குத்தான்.

மேனியாவில் இருப்பவர் ‘நான் நல்லாத்தானே இருக்கேன்’ என்று மாத்திரையைத் தட்டிவிட, வீட்டார் பொடித்து இட்லியிலும் மோரிலும் கலப்பது நாட்டில் நடக்காத விஷயமல்ல. எஸ்.ஆர்., க்ரோனோ என்று பெயரில் உள்ள மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கும். லித்தியத்தை ஒளித்துக் கொடுப்பதோ நேரடி ஆபத்து. அவருக்கே தெரியாது என்பதால் பேதி வந்தால் நிறுத்த மாட்டார், வலி மாத்திரையைத் தவிர்க்க மாட்டார். ஒருநாள் தெரியவந்தால் அதற்கப்புறம் வீட்டுச் சாப்பாட்டையே தொட மாட்டார். வாயில் கரையும் மாத்திரை, திரவ மருந்து, மாதம் ஒரு முறை போடும் ஊசி என்று டாக்டரிடம் கேட்டுப் பெறக்கூடிய வழிகள் இருக்கின்றன. கடும் எழுச்சிக்கும், மருந்துக்கு மசியாத சோர்வுக்கும் மின்னதிர்வு சிகிச்சையும் உண்டு. இந்தியாவின் 2017ஆம் வருடத்து மனநலச் சட்டப்படி மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் அதைக் கொடுக்க அனுமதி இல்லை. சினிமாவில் காட்டுவதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

ஒரு நோட்டு

எந்த மருந்து உதவுகிறது என்பதை ஞாபகத்தை நம்பிச் சொல்ல முடியாது. சோர்வில் இருப்பவருக்கு எப்போதுமே சோர்வாக இருந்ததாகவே தோன்றும். நாற்பது பக்க நோட்டு போதும். தினம் ஒரு வரி: மனநிலைக்கு எண், எத்தனை மணி நேரம் தூக்கம், மாத்திரை போட்டாயிற்றா, அன்று விசேஷமாக ஏதாவது. நடுநிலை பூஜ்யம், மேலே மூன்று வரை, கீழே மைனஸ் மூன்று வரை. பெண்கள் மாதவிடாய் நாளையும் குறிக்கலாம். இப்படி ஒரு பக்கம்:

12ஆம் தேதி, மைனஸ் 1, ஏழு மணி நேரம், போட்டேன். 13, பூஜ்யம், ஏழு. 14, பூஜ்யம், ஐந்தரை, திருவிழா. 15, ப்ளஸ் 1, நாலரை, மதியம் தூங்கவில்லை, களைப்பும் இல்லை. 16, ப்ளஸ் 2, நாலு, தம்பியோடு சண்டை.

பதினைந்தாம் தேதி வரியே போன் செய்ய வேண்டிய வரி. தூக்கம் குறைந்தும் களைப்பு இல்லை என்பது எழுச்சியின் முதல் அறிகுறி. அன்றே டோஸைச் சரிசெய்தால் வார்டு தேவைப்படாமல் போகலாம்.

மருந்தை மாற்றும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பழையதைக் குறைத்துக்கொண்டே புதியதை ஏற்றும் வாரங்களில் இரண்டின் பக்கவிளைவுகளும் சேர்ந்துவரும். அதைப் புதியதன் குற்றமாக எழுதிவிடக் கூடாது. கடும் மேனியாவில் போதுமான டோஸில் இரண்டு மூன்று வாரம், சோர்வில் ஆறு வாரம் ஆகியும் அசைவில்லை என்றால், அப்போது அந்த வேலைக்கு அந்த மருந்து தோற்றது என்று நோட்டில் எழுதலாம். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரையின் நிறமும் அட்டையும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ‘வெள்ளை மாத்திரை காலையில், ரோஸ் ராத்திரி’ என்று வேண்டாம். மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள்.

ராத்திரியில் தற்கொலை எண்ணமோ அடக்க முடியாத எழுச்சியோ வந்தால் இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926. இரண்டுமே எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

நோட்டின் கடைசிப் பக்கம் தெளிந்திருக்கும் நாட்களில் எழுதுவதற்கு: எனக்குக் கேட்ட மருந்துகள், டோஸ், அப்போதைய ரத்த அளவு, கேட்காதவை, எதனால், ஒவ்வாதவை, என்ன ஆனது, மறுபடி நோய் ஏறினால் எனக்காக யார் பேச வேண்டும். மனநலச் சட்டம் 2017 இதை முன்கூட்டிய அறிவுறுத்தல் என்ற பெயரில் உரிமையாகவே தருகிறது. படிவத்தில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிய வேண்டும். அவசர சிகிச்சையை அது கட்டுப்படுத்தாது. மற்ற நேரங்களில் டாக்டர் அதைப் பார்த்தே மருந்து எழுத வேண்டும். பதிவு தாமதமானாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று நோயாளியின் பர்ஸிலும் இன்னொன்று வீட்டில் ஒருவரிடமும் இருக்கட்டும்.